ரயில் நிலையத்தின் பெயர் ‘சிங்கர்’: பாட்டி வீட்டுத் தையல் மெஷின் பிறந்த ஊருக்கு ஒரு பயணம்!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், குயின் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கி மேற்கே போகும் புறநகர் ரயிலில் ஏறினால், அரை மணி நேரத்துக்குள் ஒரு சின்ன நிலையம் வரும். ஆடம்பரம் எதுவும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் சாதாரண நிலையம்தான். ஆனால், தமிழ்நாட்டிலிருந்து போன யாராக இருந்தாலும் அதன் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றுவிடுவார்கள். அதில் எழுதியிருப்பது, ‘சிங்கர்’.

ஆம், அதே சிங்கர்தான். தாத்தா காலத்து டெய்லர் கடைத் திண்ணையிலும், பாட்டி வீட்டு ஜன்னல் ஓரத்திலும் கறுப்பு உடம்பும் தங்க நிறப் பூவேலையுமாக உட்கார்ந்திருந்த மெஷினின் பெயர். கல்யாணச் சீர்வரிசையில் வந்து, பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைத் தைத்து, ரவிக்கை தைத்த காசில் குடும்பத்தையே தாங்கிய மெஷின்.

கிளைட்பேங்க் என்ற அந்த ஊரில் ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய தையல் மெஷின் தொழிற்சாலை இருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் வந்து இறங்குவதற்காகவே 1907-ல் இந்த நிலையம் இப்போதைய இடத்தில் திறக்கப்பட்டது. இன்று தொழிற்சாலை இல்லை. நிலையத்தின் பெயர் மட்டும் மிச்சம்.

அப்படியானால், அங்கே பிறந்த மெஷின் இன்று பழுதானால் என்ன செய்வது? உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? ‘அவ்வளவுதான், எடைக்குப் போட்டுவிடலாம்’ என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கிளைட்பேங்கைச் சுற்றிப் பார்த்தால் அந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

46 ஏக்கரில் ஒரு சாம்ராஜ்யம்

சிங்கர் அமெரிக்கக் கம்பெனி. ஐசக் மெரிட் சிங்கர் 1851-ல் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க் அவருடைய பங்குதாரர். ஒரேயடியாகப் பணம் கொடுத்து வாங்க முடியாத குடும்பங்களும் தவணை முறையில் வாங்கலாம் என்ற வழியைத் திறந்துவிட்டதில் இந்தக் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐரோப்பாவில் விற்பனை பெருகியதும் 1867-ல் கிளாஸ்கோவில் சிறிய அளவில் உற்பத்தி தொடங்கியது. அந்த இடம் போதவில்லை. ஊருக்கு வெளியே, கிளைட்பேங்கின் கில்போவி பகுதியில் 46 ஏக்கர் விளைநிலத்தை வாங்கி 1882-ல் கட்டுமானத்தைத் தொடங்கினார்கள். 1885-ல் தொழிற்சாலை முழு வீச்சில் இயங்க ஆரம்பித்தது.

அதன் அடையாளம் 200 அடி உயர மணிக்கூண்டு. நான்கு பக்கமும் கடிகாரம். ஒவ்வொரு முகப்பின் விட்டமும் 26 அடி! சாவி கொடுக்க வாரம் இரண்டு முறை நான்கு பேர் ஏறிப் போக வேண்டும் என்பார்கள். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஊரே எழுந்தது, சாப்பிட்டது, வேலைக்கு ஓடியது.

வளாகத்துக்குள்ளேயே வார்ப்பாலை, மரப்பெட்டி செய்யும் பட்டறை, ஊசி செய்யும் பிரிவு, தனி ரயில் பாதைகள் என்று எல்லாம் இருந்தன. 1913-ல் மட்டும் இங்கிருந்து 13 லட்சத்துக்கும் அதிகமான மெஷின்கள் கப்பலேறின. அவற்றில் எத்தனையோ நம் ஊர்த் துறைமுகங்களிலும் வந்து இறங்கின.

12 பெண்கள் தொடங்கிய போராட்டம்

ஊருக்கே சோறு போட்ட தொழிற்சாலைதான். ஆனால், எல்லாம் இனிப்பாக இருந்துவிடவில்லை.

1911 மார்ச்சில், மெஷினின் மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பிரிவில் ஆட்களைக் குறைத்து, அவர்களுடைய வேலையையும் மீதிப் பேரின் தலையில் கட்டினார்கள். வேலை கூடியது, கூலி கூடவில்லை. 12 பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக மற்ற பிரிவுகளும் ஒவ்வொன்றாக எழுந்து வர, சுமார் 11,500 பேர் வேலை பார்த்த தொழிற்சாலையே கிட்டத்தட்ட காலியானது.

மூன்று வாரம் நடந்த போராட்டம் வெற்றி பெறவில்லை. அது முடிந்த பிறகு, முன்னணியில் நின்றவர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். ஆனாலும் கிளைட் நதிக்கரைத் தொழிலாளர் வரலாற்றில் அந்த 12 பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது. பாட்டி வீட்டு மெஷினின் பளபளப்பான மரப்பெட்டியைத் தடவிப் பார்க்கும்போது, அந்த மெருகு யாரோ ஒரு கிளைட்பேங்க் பெண்ணின் கைவேலையாகவும் இருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

கடிகாரம் போன கதை

இரண்டாம் உலகப் போரில் 1941 மார்ச் 13, 14 இரவுகளில் ஜெர்மன் விமானங்கள் கிளைட்பேங்கின் மீது குண்டு பொழிந்தன. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரில் சேதமாகாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. சிங்கரின் மரக்கிடங்கு பற்றி எரிந்தது. ஆனாலும் தொழிற்சாலை தப்பியது, போருக்குப் பிறகு மீண்டும் பரபரப்பானது.

சாய்த்தது குண்டு அல்ல, காலம்தான். கடைகளில் ஆயத்த ஆடைகள் குவிந்தன. ஜப்பானிலிருந்து விலை குறைந்த மெஷின்கள் வந்தன. மணிக்கூண்டு 1963-ல் இடிக்கப்பட்டது. 1980 ஜூன் மாதத்தில் தொழிற்சாலையின் கதவுகள் கடைசியாக மூடப்பட்டன. கடைசிவரை இருந்த சுமார் 3,000 பேர் வீட்டுக்குப் போனார்கள்.

இன்று ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், அந்த இடத்தில் ஒரு வணிக வளாகம் இருக்கிறது. அலுவலகங்கள், கார் நிறுத்துமிடங்கள், புல்வெளி. இங்கேயா லட்சக்கணக்கில் மெஷின் செய்தார்கள் என்று நம்புவதே கடினம்.

டவுன் ஹாலில் வாழும் மெஷின்கள்

நிலையத்திலிருந்து கில்போவி சாலை வழியாகக் கால்வாயைத் தாண்டி, நதியை நோக்கி நடந்தால் டம்பார்ட்டன் சாலையில் கிளைட்பேங்க் டவுன் ஹால் வரும். அதனுள்ளே இருக்கிறது ஊரின் அருங்காட்சியகம். அந்த வட்டார நிர்வாகத்தின் பொறுப்பில் 800-க்கும் மேற்பட்ட தையல் மெஷின்களும் சிங்கர் ஆவணங்களும் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சேகரிப்புகளில் ஒன்றாக இதை அங்கீகரித்திருக்கிறார்கள்.

இந்தச் சேகரிப்பில் அழகான மெஷின்களைவிட முக்கியமான ஒன்று உண்டு. வரிசை எண் பதிவேடுகள். எந்த எண்கள் எந்த மாடலுக்கு, எப்போது ஒதுக்கப்பட்டன என்று கம்பெனி எழுதி வைத்த கணக்கு. உலகம் முழுக்கப் பழைய சிங்கர் வைத்திருப்பவர்கள் தங்கள் மெஷினின் வயதைச் சொல்ல முடிவது இப்படிப்பட்ட பதிவேடுகளால்தான். சுருக்கமாகச் சொன்னால், மெஷின்களின் பிறப்புப் பதிவேடு.

உங்கள் வீட்டு மெஷின் எங்கே பிறந்தது?

இதைக் கண்டுபிடிக்க ஸ்காட்லாந்து வரை போக வேண்டியதில்லை. மெஷினைத் துணியால் துடைத்துவிட்டு, கைச்சக்கரம் இருக்கும் வலது பக்கத்தில் அடித்தட்டின் மேற்பரப்பைப் பாருங்கள். அங்கே ஓர் எண் பொறித்திருக்கும். கறுப்பு பெயின்டில் மறைந்திருந்தால், சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் எண் வெள்ளையாகத் தெரியும்.

எழுத்தே இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், அது 1900-க்கு முந்தைய மெஷின். எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால், 1900-லிருந்து 1930-களின் நடுப்பகுதிக்குள் வந்தது. இரண்டு எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தையது.

எழுத்து ஊரையும் சொல்லும். ‘எஃப்’, ‘ஒய்’ என்று தொடங்கும் எண்கள் கிளைட்பேங்க்கைச் சேர்ந்தவை. இரண்டு எழுத்து எண்களில் முதல் எழுத்து ‘ஈ’ என்றால் அதுவும் கிளைட்பேங்க்தான். ‘சி’ என்ற ஒற்றை எழுத்து ஜெர்மனியின் விட்டன்பெர்க நகரத் தொழிற்சாலையைக் குறிக்கும். மாடல் எண்ணுக்குப் பின்னால் ‘15 கே’, ‘99 கே’ என்று ‘கே’ வந்தால் அது கில்போவி.

ஒரு சின்ன எச்சரிக்கை. எண்களை மொத்தமாக முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, பிறகுதான் மெஷினைச் செய்வார்கள். ஆகவே பதிவேட்டில் இருக்கும் தேதி ஒதுக்கிய தேதி. மெஷின் வெளியே வந்தது சில மாதங்கள் தள்ளியும் இருக்கலாம்.

இன்னொன்று, தங்க நிறப் பூவேலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒரே பூவேலை பல மாடல்களில் வந்திருக்கிறது. பெயின்ட் அடித்துப் புதிதாகப் பெயர் ஒட்டுவதும் எளிது. ஸ்டிக்கரை மாற்றலாம், இரும்பில் அடித்த எண்ணை மாற்றுவது கடினம்.

பெயரைவிட பாபின் முக்கியம்

எண் பிறந்த நாளைச் சொல்லும். ஆனால், ரிப்பேர் கடைக்காரருக்கு அது போதாது. நம் ஊரில் தையல் மெஷின் பாகம் விற்கும் எந்தக் கடையிலும் பேச்சு இப்படித்தான் போகும்.

“அண்ணே, பழைய சிங்கருக்கு ஷட்டில் வேணும்.”

“சிங்கர்ல எதும்மா? பாபினைக் கொண்டாந்தியா?”

“பாபினா? அது வீட்ல இருக்கே…”

“போய் எடுத்துட்டு வாம்மா. அதைப் பாத்தாதான் சொல்ல முடியும்.”

அவர் கேட்பது சரியான கேள்வி. பழைய மெஷின்களில் மாடல் எண் எழுதியிருக்காது. அடியில் நூல் சுற்றும் பாபினும், அது உட்காரும் இடமும்தான் மாடலைக் காட்டிக்கொடுக்கும்.

பாபின் நீளமான மெல்லிய கம்பி போல, இரு முனையிலும் சின்ன வட்டத்தோடு இருந்து, அது தோட்டா வடிவ ஷட்டிலுக்குள் போனால், அது பெரும்பாலும் 27 அல்லது 28 மாடல். 28 என்பது 27-ன் சின்னத் தம்பி.

உருண்டை பாபின், தனி பாபின் கேஸுக்குள் போட்டு இடப்பக்கத்திலிருந்து செருகுவதாக இருந்து, நூல் டென்ஷன் திருகும் மெஷினின் இடது முகப்பில் இருந்தால், அது 15 மாடல். இந்தியாவில் மிக அதிகமாகப் புழங்கிய குடும்பம் இதுதான்.

உருண்டை பாபினை மேலிருந்து அப்படியே குழிக்குள் போடுவதாக இருந்தால் 66 அல்லது அதன் சிறிய வடிவமான 99 ஆக இருக்கலாம். 201 மாடலிலும் பாபின் மேலிருந்துதான் போகும். ஆனால், 201-ன் உள்ளே பல்சக்கரங்கள் ஓடும்.

அடித்தட்டு வயலின் போல வளைந்து, இடுப்பு ஒடுங்கி இருந்தால் கொஞ்சம் கவனமாகக் கையாளுங்கள். அது 1865-ல் அறிமுகமான 12 மாடலாக இருக்க வாய்ப்புண்டு. ‘நியூ ஃபேமிலி’ என்ற பெயரில் உலகெங்கும் விற்ற மெஷின் அது.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 15-ன் பாபினும் 66-ன் பாபினும் பார்க்க ஒரே அளவுதான். ஆனால், 15-ன் பாபினுக்கு இரு பக்கமும் தட்டை. 66-ன் பாபினுக்கு இரு பக்கமும் லேசாக உப்பியிருக்கும். மாற்றிப் போட்டால் நூல் சிக்கும், தையல் தப்பும். பழி மட்டும் மெஷின் மேல் விழும். மேஜை மீது பாபினைப் படுக்க வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

தொழிற்சாலை இல்லை, பாகம் மட்டும் எப்படி?

1980-ல் மூடிய தொழிற்சாலையின் மெஷினுக்கு இன்றும் நம் ஊர்க் கடையில் பாபின் கேஸ் கிடைக்கிறது. இது எப்படி?

காரணம், நகல். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு 15 மாடலின் வடிவத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பல கம்பெனிகள் அதே அளவில், அதே பாகங்களோடு லட்சக்கணக்கில் செய்தன. அளவு ஒன்றுதான் என்பதால் ஒரு கம்பெனியின் பாகம் இன்னொன்றின் மெஷினில் உட்கார்ந்தது.

இந்தியாவில் 1930-களிலேயே கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் நிறுவனம் தையல் மெஷின் செய்யத் தொடங்கிவிட்டது. அதுதான் ‘உஷா’. நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு உஷாவும் அந்த 15 குடும்பத்தின் வடிவம்தான். ‘மெரிட்’ என்ற பெயரில் வரும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். ஐசக் மெரிட் சிங்கரின் பெயரில் நடுவில் இருக்கும் அதே மெரிட்! பஞ்சாபின் லூதியானா, தையல் மெஷினுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். நம் ஊர்க் கடைகளில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் இருக்கும் பாபின் கேஸ், ஷட்டில், ஸ்பிரிங் எல்லாம் அப்படிப்பட்ட பட்டறைகளின் கைங்கர்யம்.

ஆக, கிளைட்பேங்கில் அணைந்த விளக்கை வேறு ஊர்களின் பட்டறைகள் ஏந்திக்கொண்டன. மூலத்தை மூடிவிட்டார்கள், நகல்கள் அதைக் காப்பாற்றுகின்றன. ‘டூப்ளிகேட்’ என்று நாம் முகம் சுளிக்கும் அதே பொருள்தான், பாட்டியின் அசல் சிங்கருக்கு இன்று உயிர் கொடுக்கிறது.

ஊசி விஷயத்திலும் அப்படியே. 15, 27, 28, 66, 99, 201 எல்லாவற்றுக்கும் ஒரே வகை ஊசி. இன்று ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் சாதாரண வீட்டுத் தையல் மெஷின் ஊசிதான். நூறு வயது மெஷினுக்கு இன்று காலை வாங்கிய ஊசி பொருந்தும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

கிடைக்காதவை எவை?

எல்லாம் கிடைத்துவிடும் என்று ஆசை காட்டுவதும் சரியல்ல. 12 மாடலுக்கு வேறு வகை ஊசி வேண்டும். அந்த ஊசி அரிது. படகு ஷட்டிலும் நீள பாபினும் பெரிய ஊர்களில், பழைய சரக்கு வைத்திருக்கும் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். கிடைக்கும்போது இரண்டு மூன்று பாபின்களாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முக்கியமான சிக்கல் திருகுகள். சிங்கர் தன் திருகுகளுக்குத் தனக்கென்று மரை அளவுகளை வைத்திருந்தது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் திருகு பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே போகாது. முறுக்கி ஏற்றினால் மெஷினின் மரையே போய்விடும். அதனால், மெஷினைக் கழற்றும்போது திருகு ஒவ்வொன்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைப்பதும், கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் அவசியம்.

அப்படியும் ஒரு பாகம் தொலைந்துவிட்டால்? வழி, இன்னொரு பழைய மெஷின். ஓடாத மெஷின் ஒன்றிலிருந்து பாகம் எடுத்து ஓடும் மெஷினைக் காப்பாற்றுவது உலகம் முழுக்க உள்ள ரிப்பேர்காரர்களின் பழைய வித்தை. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் மெஷின் ஒருவருக்குக் குப்பை. சரியான மாடலைத் தேடி அலையும் டெய்லருக்கு அது புதையல். ஆனால், அது எந்த மாடல் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால்தான் புதையல்.

ஸ்டாண்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முழு அளவு மெஷினின் அடித்தட்டு ஏறக்குறைய 14½ அங்குல நீளம், 7 அங்குல அகலம். 28, 99 போன்ற சிறிய மெஷின்களுக்கு 12½ அங்குலமும் 6½ அங்குலமும். மேஜையின் குழியை அளக்காமல் மெஷினைச் சுமந்து போனால் திரும்பவும் சுமந்து வர வேண்டியதுதான்.

காந்தி விதிவிலக்கு கொடுத்த மெஷின்

இயந்திரங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பிக்கொண்டே இருந்த காந்தி, ஒரு மெஷினுக்கு மட்டும் மனமார விதிவிலக்கு கொடுத்தார். அது சிங்கர் தையல் மெஷின்.

1924-ல் சாந்திநிகேதன் மாணவரான ஜி.ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார். கையால் தைத்துத் தைத்து மனைவி படும் பாட்டைப் பார்த்து, அன்பினால் சிங்கர் உருவாக்கிய மெஷின் இது என்று காந்தி விளக்கம் சொன்னார். அப்படியானால் இதைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே என்று ராமச்சந்திரன் மடக்க, அந்தத் தொழிற்சாலை லாபத்துக்காக அல்லாமல் அரசின் கையில், தொழிலாளிக்கு நல்ல சூழலோடு நடக்க வேண்டும் என்று காந்தி பதில் சொன்னார். கேள்வி கேட்ட அந்த இளைஞர்தான் பிறகு டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்.

உண்மையில் சிங்கரின் கதை அத்தனை அன்புமயமானது அல்ல. அவருக்கு முன்பே 1846-ல் எலியாஸ் ஹோ காப்புரிமை பெற்றிருந்தார். இருவருக்கும் வழக்கு நடந்து, சிங்கர் அவருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆனால், காந்தி சொன்னதன் மையம் இன்றும் பொய்க்கவில்லை. கிளைட்பேங்கின் 12 பெண்கள் 1911-ல் கேட்டதும் அதே நல்ல சூழலைத்தான். தமிழ்நாட்டில் ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்கும் அரசுத் திட்டம், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடப்பதற்குக் காரணமும் அதுதான். ஒரு மெஷின், ஒரு வீட்டுக்கு வருமானம்.

எடைக்குப் போடும் முன்…

பிரிட்டனில் ‘ஆல் செயின்ட்ஸ்’ என்ற துணிக்கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் பழைய தையல் மெஷின்களை அடுக்கடுக்காக அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள். பார்க்க அழகுதான். நம் ஊரிலும் மிதிக்கும் இரும்பு ஸ்டாண்டைக் காபி டேபிளாக மாற்றுவது பரவிவிட்டது. இன்னொரு பக்கம், ‘டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு, பழைய கருவிகளையும் தையல் மெஷின்களையும் தன்னார்வலர்களைக் கொண்டு சரிசெய்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. அலங்காரமா, வாழ்வாதாரமா? ஒரே மெஷினுக்கு இரண்டு தலைவிதி.

உங்கள் வீட்டு மெஷினுக்கு எது என்று முடிவு செய்யும் முன் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

1. கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் பயப்பட வேண்டாம். பல வருடம் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் அது பிசினாகி இறுகியிருக்கும். இணைப்புகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, மெதுவாக அசைத்துப் பாருங்கள். இளகியதும் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். பூவேலை மேல் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. வார்ப்பு உடம்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பாகம் தேய்ந்தால் மாற்றலாம், உடம்பு உடைந்தால் சிரமம்.

3. வரிசை எண்ணையும் பாபினையும் அது உட்காரும் இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது படத்தோடு பழைய பாகத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

4. மிதி பெல்ட் அறுந்ததற்காக மெஷினை ஓரங்கட்டாதீர்கள். தோல் பெல்ட்டும் கிளிப்பும் சாதாரணமாகக் கிடைப்பவை.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு வேண்டாமென்றால், எடைக்கடைக்கு முன்னால் தெரிந்த டெய்லரிடமோ ரிப்பேர்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரும்பின் எடைக்கு விலை உண்டு, ஆனால் உருக்கிய ஷட்டிலை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

எப்படிப் போவது?

கிளாஸ்கோ போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் கிளைட்பேங்க்கைப் பார்த்துவிடலாம். ஊருக்கு ‘கிளைட்பேங்க்’ என்ற பெயரிலேயே வேறு பாதையில் இன்னொரு நிலையமும் இருப்பதால், ‘சிங்கர்’ நிலையத்தில் நிற்கும் ரயிலா என்று பார்த்து ஏற வேண்டும். திரும்பும்போது மற்ற நிலையத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அருங்காட்சியகத்தின் திறப்பு நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

நேரம் இருந்தால் நதிக்கரை வரை நடக்கலாம். ‘குயின் மேரி’ உள்ளிட்ட புகழ்பெற்ற கப்பல்களைக் கட்டிய ஜான் பிரவுன் கப்பல் தளம் இருந்த இடம் அது. 1907-ல் நிறுவிய, 150 அடி உயர டைட்டன் கிரேன் இன்னும் அங்கே நிற்கிறது. ராட்சதக் கப்பல்களையும், ஒருவர் தூக்கிப் போகக்கூடிய தையல் மெஷினையும் ஒரே ஊர்தான் உலகுக்குக் கொடுத்தது.

அந்தக் கப்பல்களில் பல இன்று இல்லை. மெஷின்கள் மட்டும் ஏதோ ஒரு தெருமுனை டெய்லர் கடையில் இன்னும் ‘கடகட’வென்று ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது, பழைய மெஷினின் வலது ஓரத்தைக் கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். ‘ஒய்’ என்றோ ‘ஈ’ என்றோ ஓர் எழுத்து தெரிந்தால், அது கிளைட்பேங்கிலிருந்து உங்கள் வீடு வரை வந்த மெஷின்!